விண்வெளியின் அயலார்

சென்ற கிறிஸ்து பிறப்புக் காலத்தில், பங்கு நூலகத்திற்கு வழக்கமாக வரும் கல்லூரி மாணவர் ஒருவர் ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பொன்றை நம்மிடம் நீட்டினார். "இந்தக் கதையைப் படித்ததிலிருந்து குடிலுக்கு மேலே நட்சத்திரம் கட்டக் கை வரவில்லை ஐயா" என்றார். ஆர்தர் கிளார்க் 1955-இல் வெளியிட்ட 'விண்மீன்' என்னும் கதை அது. சில பக்கங்களே உள்ள அக்கதையை அன்றிரவே படித்து முடித்தோம். மாணவரின் கலக்கத்தை இளவயதின் ஐயம் என்று தள்ளிவிட இயலவில்லை.

இவ்வண்டத்தில் நம்மைத் தவிரப் பகுத்தறிவும் மனச்சுதந்திரமும் உடைய உயிர்கள் வேறெங்கேனும் உண்டா என்னும் வினாவைச் சுற்றி எழுந்த கதைகள் ஆங்கிலத்தில் ஏராளம். அவற்றுள் பெரிதும் பேசப்பட்ட மூன்றில் நாயகர் ஓர் இயேசு சபைக் குரு. கிளார்க்கின் சிறுகதை ஒன்று. ஜேம்ஸ் பிளிஷ் 1958-இல் நூலாக்கிய 'மனச்சான்றின் வழக்கு' என்னும் நாவல் இரண்டாவது. மேரி டோரியா ரஸ்ஸல் 1996-இல் வெளியிட்ட 'சிட்டுக்குருவி' மூன்றாவது. மூவருமே திருச்சபைக்கு வெளியே நின்று எழுதியவர்கள்; ரஸ்ஸல் மட்டும் கத்தோலிக்கராக வளர்ந்து, விலகி, பின்னர் யூத நெறியைத் தழுவியவர். வெளியே நிற்பவர்கள் ஏன் நம் குருக்களைத் தேடி வருகிறார்கள்? வத்திக்கான் வானாய்வகத்தை நடத்துவோர் இயேசு சபையார். சந்திரனின் குழிகளுள் முப்பதுக்கும் மேற்பட்டவை அச்சபையாரின் பெயரைத் தாங்கியவை. தொலைநோக்கியும் செபமாலையும் ஒரே மனிதரின் கையில் இருப்பது கதாசிரியருக்கு வாய்ப்பான செய்தி. அதற்கு மேலும் ஒன்றுண்டு. வேற்றுலகத்தார் இருப்பின் அதனால் மிகுதியாக இழக்கக்கூடியவர், இறைவன் இம்மண்ணில் மனிதரானார் என நம்புகிறவரே என்பது அவர்தம் கணிப்பு. இக்கணிப்பு சரிதானா என்று பார்க்க மூன்றையும் ஒருசேர எடைபோட விழைகிறோம்.

அறிவியல் இதுவரை தந்திருப்பது என்ன? 1960-இல் பிராங்க் டிரேக் என்னும் அமெரிக்க அறிஞர், கிரீன் பேங்க் வானாய்வகத்தின் வானொலித் தொலைநோக்கியை அண்மையிலுள்ள இரு விண்மீன்களின் பக்கம் திருப்பிச் செவிமடுத்தார். எதுவும் கேட்கவில்லை. 1995-இல் சுவிட்சர்லாந்து அறிஞர்களான மேயரும் கேலோவும், கதிரவனை ஒத்த மற்றொரு விண்மீனைச் சுற்றிவரும் கோளை முதன்முதலாகக் கண்டறிந்தனர். இன்று அத்தகைய கோள்களின் எண்ணிக்கை 6000-ஐத் தாண்டிவிட்டது. நமக்கு மிக அண்மையில், 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள விண்மீனுக்கும் ஒரு கோள் உண்டென்பது 2016-இல் தெரியவந்தது. இடங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. குரல் ஒன்றும் வரவில்லை. ஆகவே வேற்றுலகத்தாரை மனிதர் சந்தித்திருப்பது இன்றுவரை இலக்கியத்தில் மட்டுமே. அங்கே அவர்களை எப்படி நடத்தியிருக்கிறோம் என்று கேட்பது வீண் வேலையாகாது.

கிளார்க்கின் கதையைச் சொல்பவர் பெயர் கூறப்படாத குரு. விண்கலமொன்றின் தலைமை வானியலறிஞர். உரோமையிலிருந்து மூவாயிரம் ஒளியாண்டுத் தொலைவில், வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் எச்சத்தை ஆய்ந்து திரும்பும் வழியில் தம் உள்ளத்தைத் திறக்கிறார். அவ்விண்மீனின் கடைக்கோடிக் கோள் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. அதில் ஒரு நிலவறை. தங்கள் கதிரவன் வெடிக்கப்போவதை முன்னரே அறிந்த மக்களினம் ஒன்று, பிற விண்மீன்களுக்குத் தப்பிச் செல்லும் ஆற்றலின்றி, தம் கலைகளையும் பதிவுகளையும் யாரேனும் ஒருநாள் கண்டெடுக்கட்டும் என்று அங்கே வைத்துவிட்டு மாண்டது. வெடிப்பு நிகழ்ந்த காலத்தைக் கணக்கிட்ட குருவுக்கு, அதன் ஒளி எப்போது மண்ணுலகை வந்தடைந்தது என்பது விளங்குகிறது. பெத்லகேமின் மேல் ஒளிர்ந்த விண்மீன் அதுவே! கீழ்த்திசை ஞானிகளுக்கு வழிகாட்ட ஒரு மக்களினத்தையே எரிக்க வேண்டியிருந்ததா என்று அவர் இறைவனைக் கேட்பதோடு கதை முடிகிறது.

அம்மக்களைப் பற்றிக் கிளார்க் தரும் காட்சிகளுள் மறக்கவொண்ணாதது, குழந்தைகள் கடற்கரை மணலில் விளையாடுவது. நம் கரையோரத்து வாசகர் எவரும் அவ்விடத்தில் நின்றுவிடுவர். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பின் மறுநாள். வேளாங்கண்ணியிலும் நாகைக் கரை நெடுகிலும் கடல் ஊருக்குள் வந்தபோது குடில்கள் கலைக்கப்பட்டிருக்கவில்லை; வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குருவின் வினாவை நம் தாய்மார் எந்தக் கதையையும் படிக்காமலே கேட்டவர்கள்.

ஆதலின், அறிவியலைக் காட்டி இவ்வினாவைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. தட்டிக்கழிக்க வழி இருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. தன் எடையாலேயே குலைந்து வெடிக்கும் விண்மீன்கள் நம் கதிரவனைப் போல் எட்டு மடங்கேனும் எடையுள்ளவை. அவற்றின் வாழ்நாள் சில கோடி ஆண்டுகளே. நம் பூமிக்கோ ஏறத்தாழ 450 கோடி ஆண்டு வயது. அதன் கடைசி நொடியில்தான் மனிதர் தோன்றினர். அத்தகைய விண்மீனின் நிழலில் ஒரு நாகரிகம் முளைத்துத் தழைக்க நேரமே இராது. எரிந்தடங்கிய வெண்குறுமீன்கள் வெடிப்பதும் உண்டு. ஆனால் அவை முன்னர் வீங்கிப் பருத்த காலத்திலேயே அருகிலிருந்த கோள்களைச் சுட்டுப் பொசுக்கியிருக்கும். எனவே, இன்றைய அறிவின்படி கிளார்க்கின் மக்கள் வாழ்ந்திருக்க வழியில்லை. மாணவரிடம் இதைச் சொன்னபோது, "கணக்கு தப்பென்றால் கேள்வியும் தப்பாகிவிடுமா ஐயா?" என்றார். ஆகாது என்று ஒப்புக்கொண்டோம்.

கதையின் மேல் நமக்குள்ள குறை வேறு. பிறந்த மீட்பருக்கு விலையாகப் பிறர் மடிந்தனர் என்பது நற்செய்திக்கு வெளியிலிருந்து கிளார்க் கொணர்ந்த புதுச் செய்தியன்று. மத்தேயுவின் அதே இரண்டாம் அதிகாரத்தில் விண்மீனும் இருக்கிறது. ஏரோதின் வாளும் இருக்கிறது. ராகேலின் அழுகுரலை நற்செய்தியாளர் மறைக்கவில்லை. அதற்கு ஆறுதலும் எழுதவில்லை. திருச்சபை அக்குழந்தைகளை டிசம்பர் 28-இல், பாலனின் விழாவுக்கு மூன்றாம் நாளிலேயே வைத்து நினைவுகூர்கிறது. கிளார்க்கின் குருவோ, இத்தனை ஆண்டு திருப்புகழ்மாலை செபித்தும், மாசில்லாக் குழந்தைகளை ஒருமுறையேனும் நினைப்பதில்லை. இது குருவின் மறதியா, ஆசிரியரின் மறதியா? ஆசிரியருடையது என்றே கருதுகிறோம். இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த மக்களினத்தின் ஒரு பெயரையாவது, ஒரு சொல்லையாவது கிளார்க் நமக்குத் தந்தாரா? இல்லை. இறுதி வரியின் அதிர்ச்சிக்காகவே அவர்கள் படைக்கப்பட்டு, அதன்பொருட்டே எரிக்கப்படுகின்றனர். இறைவன்மேல் அவர் சாட்டும் குற்றத்தை அவரே தம் படைப்பில் செய்துவிடுகிறார். கதையின் செம்மையில் குறை காண முடியாது. வாசித்த கணமே நெஞ்சில் தைப்பது உண்மை. ஆயினும் தைக்கும் அம்பு நீண்டது. கதையில் வாழும் மக்கள் மெல்லியர்.

பிளிஷ் எடுத்துக்கொண்ட சிக்கல் கோட்பாட்டைச் சார்ந்தது. ஆகவே திருச்சபை இதுபற்றி என்ன நினைத்துவந்தது என்பதை ஓரிரு சொற்களில் நினைவூட்டுவோம். பாரிசு நகர ஆயர் தாம்பியே 1277-இல் கண்டித்து விலக்கிய 219 கூற்றுகளுள், இறைவன் ஒன்றுக்கு மேற்பட்ட உலகங்களைப் படைக்க முடியாது என்பதும் ஒன்று. அரிஸ்டாட்டிலின் பெயரால் இறைவனின் கையைக் கட்ட வேண்டாம் என்பதே ஆயரின் கருத்து. 1440-இல் 'கற்றறிந்த அறியாமை'யை எழுதி முடித்த கூசா நகர நிக்கொலாசு, பிற விண்மீன்களிலும் குடியிருப்போர் உண்டென எண்ணினார். எட்டாண்டுகளில் அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். 1600-இல் உரோமையில் ஜோர்தானோ புரூனோ எரிக்கப்பட்டதும் இதே வரலாற்றில்தான் உள்ளது. அவர்மேல் சுமத்தப்பட்டவற்றுள் மூவொரு இறைவனைப் பற்றிய மறுப்புகளும் இருந்தன, பல உலகங்கள் பற்றிய கருத்தும் இருந்தது. எது இருந்தாலும் தீயிட்டது தீமையே.

பிளிஷின் நாயகர் ரூயிஸ்-சான்செஸ் பெரு நாட்டவர், உயிரியல் கற்ற குரு. ஐம்பது ஒளியாண்டுத் தொலைவிலுள்ள லித்தியா என்னும் கோளுக்கு, அதை மனிதர் பயன்படுத்தலாமா என்று பரிந்துரைக்கும் நால்வர் குழுவில் ஒருவராகச் செல்கிறார். அங்கு வாழ்வோர் ஊர்வன இனத்தைச் சேர்ந்தவர்கள். மனிதரினும் உயர்ந்து நிற்பவர்கள். களவு இல்லை, கொலை இல்லை, பொய் இல்லை. கடவுளும் இல்லை, வழிபாடும் இல்லை. நாம் நோன்பிருந்தும் ஒறுத்தும் எட்ட முடியாத அறவாழ்வு அவர்களுக்கு மூச்சுவிடுவதுபோல் இயல்பாக இருக்கிறது. குருவுக்கு மகிழ்ச்சி வரவில்லை, அச்சம் வருகிறது. இறைவனின்றியே நன்மை தழைக்கும் என மனிதரை நம்பவைக்கச் சாத்தான் விரித்த வலையே லித்தியா என்று முடிவு செய்கிறார். இம்முடிவே திருச்சபை கடிந்த மானி கொள்கை என்பதும் அவருக்குத் தெரியும். ஏனெனில் படைக்கும் ஆற்றல் சாத்தானுக்கு உண்டென்று ஒப்புவது தப்பறை. இதனால் அவர் உரோமைக்கு அழைக்கப்படுகிறார். அந்தச் சந்திப்பு நாவலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. படைத்ததாக ஏன் கொண்டாய், மயக்கமாக இருக்கலாகாதா, பேயோட்டும் செபத்தைச் சொல்லிப் பார்த்தாயா என்று திருத்தந்தை கேட்கிறார்.

இங்கே நம்மை உறுத்துவது ஒன்று. லித்தியாவில் குருவுக்கு நண்பராக வாய்த்தவர் ஷ்டெக்ஸா. தம் இல்லத்தில் விருந்தோம்பி, பிரியும் வேளையில் தம் மகனையே, கருநிலையில் ஒரு கலத்தில் வைத்து, வளர்க்கும்படி குருவின் கையில் ஒப்படைக்கிறார். அவரிடம் குரு ஒருமுறையேனும் உட்கார்ந்து, "உங்கள் நன்மை எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கவில்லை. தம் மனத்துக்குள்ளேயே வழக்காடி, தமக்குள்ளேயே தீர்ப்பெழுதி, விருந்தளித்தவரின் ஊரையே சாத்தானுக்கு எழுதிவைத்துவிடுகிறார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது என்பார்களே, அதற்கு இறையியல் உடுப்பு அணிவித்தால் இப்படித்தான் இருக்கும். மண்ணுலகுக்கு வந்த அந்தப் பிள்ளை, தாய்மண்ணும் இனமுமின்றி ஆய்வுக்கூடத்தில் வளர்ந்து, கூட்டத்தைத் தூண்டிவிடும் தீயவனாகிறான். அது சாத்தானின் வேலையா, நம் வளர்ப்பின் விளைவா? பிளிஷ் சொல்லாமல் விடுகிறார். அந்த மௌனத்துக்காக அவரைப் பாராட்டுகிறோம். இறுதியில், குரு நிலவிலிருந்து திரையில் லித்தியாவைப் பார்த்தவாறு செபத்தைச் சொல்லி முடிக்கிறார். கோள் வெடித்துச் சிதறுகிறது. அதே வேளையில் அணுகுண்டுப் பொருளுக்காக அங்கே ஒருவர் செய்த ஆய்வு பிழைத்ததும் காரணமாகலாம். எக்காரணமாயினும் ஷ்டெக்ஸாவும் அவர்தம் மக்களும் இல்லை.

ஆக, இரு கதைகள். இரண்டிலும் வேற்றுலகத்தார் தீயில் அழிகின்றனர். இதைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. உயிரோடிருக்கும் அயலார் தொல்லையானவர். வினவுவார், மறுத்துரைப்பார், நாளையும் வருவார். மாண்டவரை வைத்து வாதிடுவது எளிது.

ரஸ்ஸலின் நாவலில்தான் அவர்கள் உயிரோடிருக்கிறார்கள். தொல்மானுடவியல் கற்ற அவர், 1992-இல் கொலம்பசு பயணத்தின் ஐந்நூறாம் ஆண்டையொட்டி எழுந்த விவாதங்களே இந்நூலுக்குத் தூண்டுதல் எனக் கூறியிருக்கிறார். கதையில் 2019-ஆம் ஆண்டு, புவெர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி, நமக்கு அண்மையிலுள்ள விண்மீன் கூட்டத்திலிருந்து வரும் பாடலைக் கேட்கிறது. உண்மையில் 2019-இல் அப்பெருங்கருவி எதையும் கேட்கவில்லை. 2020 டிசம்பரில் இடிந்தே விழுந்தது. நாவலில் உலகம் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருக்க, இயேசு சபை ஓசையின்றிக் கலமொன்றை அனுப்பிவிடுகிறது. மதம் பரப்ப அன்று, பாடியவர்களை அறிந்துகொள்ள. முன்னிற்பவர் எமிலியோ சாந்தோஸ், புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, மொழிகளைக் கற்பதில் வல்லவரான குரு.

மொழியைக் கற்றுக்கொண்டு உள்ளே நுழையும் இயேசு சபைக் குருவைத் தமிழர் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அண்டிரிக் அடிகளாரையும், மதுரைக்கு 1606-இல் வந்த தத்துவ போதகரையும், வீரமாமுனிவரையும் நாம் அறிவோம். ஆதலால் சாந்தோஸ் ஒரு சிறுமியை ஆசிரியையாகக் கொண்டு ரூனா இனத்தாரின் மொழியைச் சொல் சொல்லாகக் கற்கும் பகுதிகள் நமக்கு நெருக்கமாகவே இருக்கின்றன. சொற்கள் வசப்படுகின்றன, அச்சொற்களுக்குப் பின்னால் நிற்கும் வாழ்க்கை வசப்படவில்லை. சாதுவான ரூனா மக்கள் பயிரிட அறியாதவர்கள். அலைந்து திரட்டி உண்பவர்கள். விருந்தினர் தங்கள் உணவுக்காகத் தோட்டம் போடுகின்றனர். ரூனாவும் அதைப் பார்த்துக் கற்கின்றனர். உணவு பெருகுகிறது, குழந்தைகளும் பெருகுகின்றனர். ஆனால் அக்கோளை ஆள்பவர் ஜனாஅட்டா என்னும் மற்றோர் இனத்தார், ஊன் உண்பவர். ரூனா அவர்களுக்கு ஏவலரும் ஆவர், உணவும் ஆவர். எத்தனை குழந்தை பிறக்கலாம் என்பதை முடிவு செய்பவர்களும் அவர்களே. ஒருநாள் காவலர் வந்து, அனுமதியின்றிப் பிறந்த பச்சிளங்குழந்தைகளைக் கொல்கின்றனர். ஏரோதின் வாளை இங்கு மீண்டும் காண்கிறோம். ஆனால் வாள் வரக் காரணமானது நல்லெண்ணத்தோடு போட்ட ஒரு காய்கறித் தோட்டம்! நாவலின் உயரம் இவ்விடத்தில்தான் இருக்கிறது.

சாந்தோஸ் ஒருவரே உயிரோடு திரும்புகிறார். கைகள் சிதைக்கப்பட்டு, சொல்லக் கூசும் கொடுமைக்கு ஆளாகி. அக்கொடுமையை இழைத்தவன், எந்தப் பாடலைக் கேட்டு அவர்கள் புறப்பட்டார்களோ அப்பாடலின் கவிஞனே. இறைப்புகழ்ச்சி என்று இவர்கள் எண்ணி உருகியது வேறொன்றாக இருந்தது. அவரைப் பற்றி உலகம் இழிவாகப் பேச, சபைத் தலைவரும் உடன்குருக்களும் வாரக்கணக்கில் அமர்ந்து அவர் வாய்திறக்கக் காத்திருக்கின்றனர். நூலின் பெயர் மத்தேயு பத்தாம் அதிகாரத்துச் சிட்டுக்குருவியைச் சுட்டுகிறது. அக்குருவி விழாது என்று அங்கே வாக்களிக்கப்படவில்லை என்பதை ரஸ்ஸல் விடாமல் பற்றிக்கொள்கிறார்.

குறைகளும் உண்டு. பயணக் குழுவினர் ஓயாது நகையாடுவது சலிப்பூட்டுகிறது. சாந்தோசின் துன்பத்தை இறுதிவரை மறைத்துவைத்து வாசகரை இழுத்துச் செல்வது, அத்துன்பத்தைத் துப்பறியும் கதையின் முடிச்சாக்கிவிடுகிறது. கவிஞனோ சாத்தானின் வேறு பெயராகவே நிற்கிறான். அவன் இனத்தாரை உள்ளிருந்து காட்ட ஆசிரியருக்கு 1998-இல் இரண்டாம் நூலே தேவைப்பட்டது. ஆனாலும் கிளார்க்கின் பெயரால் வழங்கப்படும் விருது 1998-இல் இந்நூலுக்குக் கிடைத்தது பொருத்தமே.

பிற உலகத்தாருக்கு ஆன்மா உண்டா என்று கதைகளில் கேட்கும்போது, அவ்வினாவைத் திருச்சபை ஒருமுறை மண்ணிலேயே கேட்டிருக்கிறது என்பது நினைவுக்கு வருகிறது. அமெரிக்கப் பழங்குடியினர் உண்மையான மனிதர்களே, அவர்களை அடிமையாக்கலாகாது என்று திருத்தந்தை மூன்றாம் பவுல் 1537-இல் ஆணை விடுத்தார். அதன் பின்னரும் 1550-இல் வல்லாதோலித் நகரில் ஆயர் லாஸ் காசாஸ் அவர்களுக்காக வழக்காட வேண்டியிருந்தது. ஆணை தெளிவாக இருந்தது. சுரங்கங்களில் சாவும் தொடர்ந்தது.

தமிழில் அயலார் என்பது விந்தையான சொல். அடுத்த வீட்டாரையும் அது குறிக்கும். நமக்குத் தொடர்பற்ற அந்நியரையும் குறிக்கும். வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த அருள்தந்தை ஃபூனெஸ் 2008-இல் அளித்த நேர்காணலொன்றில், பிற உலகத்தாரை உடன்பிறப்பாகக் கருதத் தடையில்லை என்றார். காணாமற்போன ஆட்டின் உவமையை எடுத்துக்கொண்டு, அந்த ஓர் ஆடு மனிதகுலமாகவே இருக்கலாம் என்றும் சொன்னார். திருத்தந்தை பிரான்சிஸ் 2014 மே மாதத்தில் ஆற்றிய மறையுரையில், செவ்வாய்க்கோளிலிருந்து ஒருவர் வந்து திருமுழுக்குக் கேட்டால் என்ன செய்வோம் என்று வினவினார். அன்றைய வாசகம், கொர்னேலியுவின் வீட்டில் உணவருந்தியதற்காக எருசலேமில் பேதுரு கணக்குக் கொடுத்த பகுதி. பேதுரு அந்த வீட்டுக்குள் போனார், உட்கார்ந்தார், அவர்கள் சொல்லக் கேட்டார். அதன் பிறகே பேசினார். ரூயிஸ்-சான்செஸ் செய்யத் தவறியது இதுவே. சாந்தோஸ் செய்தார், செய்தும் உடைந்தார். வேற்றுலகத்தார் இருப்பதால் நம் நம்பிக்கை இடிந்துவிடும் என்ற கணிப்பை இம்மூன்று கதைகளும் மெய்ப்பிக்கவில்லை என்றே சொல்வோம். அவற்றில் குருக்களை உண்மையில் சோதிப்பது குழந்தைகளின் சாவு. அச்சோதனைக்கு ஒளியாண்டுகள் தாண்ட வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் மாணவரிடம் சொன்னோம். பாதியை ஏற்றுக்கொண்டார். நட்சத்திரத்தைக் கட்டினாரா என்று நாம் கேட்கவில்லை. 'சிட்டுக்குருவி'யை எடுத்துச் சென்றவர் இன்னும் நூலகத்தில் திருப்பித் தரவில்லை.